அமெரிக்காவில் செக்கிங் அக்கவுண்ட் தொடங்கப் போகிறீர்களா? முதலில் கட்டணத் தாளைக் கேளுங்கள்

அமெரிக்காவுக்கு வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே பலரும் வங்கிக் கணக்கு தொடங்கிவிடுகிறார்கள். ரூம்மேட் எதில் வைத்திருக்கிறாரோ அதில், இல்லையென்றால் அலுவலகத்துக்கு எதிரே எந்தக் கிளை இருக்கிறதோ அதில். அப்புறம் மூன்று மாதம் கழித்து ஸ்டேட்மெண்டைத் திறந்து பார்த்தால், மாதாமாதம் 12 டாலர், 15 டாலர் என்று ஏதோ ஒன்று போய்க்கொண்டே இருக்கும். அது ஏன் போகிறது என்று வங்கிக்குப் போன் செய்தால், கணக்கு தொடங்கிய அன்று கையெழுத்துப் போட்ட காகிதத்திலேயே அது இருக்கிறது என்பார்கள். உண்மையிலேயே இருக்கும். அந்தக் காகிதத்தைக் கையெழுத்துக்கு முன்னால் எப்படிப் படிப்பது, அதில் எதைத் தேடுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஊரில் ஒரே சேமிப்புக் கணக்கில் சம்பளம், மின்கட்டணம், சேமிப்பு எல்லாமே நடந்துவிடும். இங்கே செக்கிங், சேவிங்ஸ் இரண்டும் வேறு வேறு. செக்கிங் என்பது பணம் வந்து போகிற இடம், அவ்வளவுதான். சம்பளம் அதில் விழும், வாடகை, கார்டு பில், இன்சூரன்ஸ் எல்லாம் அதிலிருந்து போகும். வட்டி பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் பேருக்குத்தான் இருக்கும். அதனால் வட்டியைப் பார்த்து செக்கிங் அக்கவுண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஒரு மாதச் செலவும் கொஞ்சம் கூடுதலும் அதில் இருந்தால் போதும், மிச்சத்தை நல்ல வட்டி தரும் ஒரு சேவிங்ஸ் கணக்குக்கு மாற்றிவிடுங்கள், அது வேறு வங்கியில் இருந்தாலும் பரவாயில்லை.

வங்கிகளின் இணையதளங்களுக்குள் போவதற்கு முன்னால் ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்து உங்கள் மாதத்தை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். சம்பளமோ ஸ்டைபெண்டோ எந்தத் தேதியில் வரும், நேரடியாகக் கணக்கில் விழுமா அல்லது செக்காகத் தருவார்களா, வாடகையை வீட்டுக்காரர் எப்படி வாங்குகிறார் (செக் மட்டும்தான் என்று சொல்பவர்கள் இன்னமும் நிறைய இருக்கிறார்கள்), கையில் ரொக்கம் எவ்வளவு தேவைப்படும், ரொக்கமாக ஏதாவது வருமானம் உண்டா, ஊரிலிருந்து பணம் வருமா. இதையெல்லாம் விட முக்கியமானது ஒன்று: மாதத்தில் எந்த நாளில் உங்கள் கணக்கில் பணம் மிகக் குறைவாக இருக்கும், அன்றைக்கு எவ்வளவு இருக்கும்? பெரும்பாலானவர்களுக்கு வாடகை போன மறுநாள் அது. அந்த ஒரு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டால் பாதிக் கணக்குகளை அங்கேயே தள்ளிவிடலாம்.

சரி, இப்போது கட்டணத் தாள். கணக்கு தொடங்குவதற்கு முன்பே கட்டணங்களையும் நிபந்தனைகளையும் எழுத்தில் தர வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம், 1991-இல் வந்த ட்ரூத் இன் சேவிங்ஸ் சட்டத்தின்படி. அதனால் கேட்பதில் கூச்சமே வேண்டாம். 'ஃபீ ஷெட்யூல் கொடுங்கள்' என்றால் போதும், கிளையில் அச்சடித்துத் தருவார்கள், இணையதளத்திலும் பிடிஎஃப்பாக இருக்கும். முகப்புப் பக்கத்தில் 'மாதக் கட்டணம் இல்லை' என்று பெரிதாகப் போட்டிருப்பதன் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி இருந்தால், அதற்கான விளக்கமும் இந்தத் தாளில்தான் கிடைக்கும்.

மாதக் கட்டணத்தைத் தவிர்க்க வழக்கமாக இரண்டு வழி வைத்திருப்பார்கள்: ஒன்று மாதத்துக்கு இவ்வளவு டைரக்ட் டெபாசிட் வர வேண்டும், இல்லையென்றால் இவ்வளவு மினிமம் பேலன்ஸ் இருக்க வேண்டும். இரண்டிலும் ஒரு வார்த்தையில் விஷயம் மாறிவிடும். டைரக்ட் டெபாசிட் என்றால் முதலாளியிடமிருந்தோ அரசிடமிருந்தோ மின்னணு முறையில் வரும் பணம் என்றுதான் பெரும்பாலான வங்கிகள் எடுத்துக்கொள்கின்றன. நண்பர் ஸெல் (Zelle) என்ற பணம் அனுப்பும் வசதியில் அனுப்பியதும், உங்கள் இன்னொரு கணக்கிலிருந்து நீங்களே மாற்றியதும் அதில் சேராது. மினிமம் பேலன்ஸில், 'தினசரிக் குறைந்தபட்சம்' என்றிருந்தால் ஒரே ஒரு நாள் அந்தத் தொகைக்குக் கீழே இறங்கினாலும் அந்த மாதக் கட்டணம் விழும், 'சராசரி' என்றிருந்தால் மற்ற நாட்களின் பணம் ஈடுகட்டிவிடும். மேலே எழுதச் சொன்ன அந்தக் குறைந்த நாள் எண் இங்கேதான் உதவும். இன்னொன்று, இந்தக் கணக்கெல்லாம் ஸ்டேட்மெண்ட் சுழற்சிப்படி நடக்கும், அது 1-ஆம் தேதி தொடங்கி 30-ஆம் தேதி முடிய வேண்டும் என்பதில்லை.

மாணவர் கணக்கு என்றால் மாதக் கட்டணம் இருக்காது, ஆனால் அதற்கு வயது வரம்போ படிப்பு முடியும் தேதியோ வைத்திருப்பார்கள். அது முடிந்ததும் கணக்கு தானாகச் சாதாரணக் கணக்காக மாறிவிடும். முதுநிலைப் படிப்புக்கு வருபவர்களில் பலர் ஏற்கெனவே அந்த வயது வரம்பைத் தாண்டியிருப்பார்கள், அதனால் 'ஸ்டூடண்ட்' என்ற பெயரை மட்டும் பார்த்துவிட்டு கையெழுத்துப் போட வேண்டாம்.

என்னைக் கேட்டால், கட்டணத் தாளில் மாதக் கட்டணத்தை விட ஓவர்டிராஃப்ட் பகுதிக்குத்தான், அதாவது கணக்கில் இருப்பதை விட அதிகம் போனால் விழும் கட்டணத்துக்குத்தான், அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். செக்கிங்கில் 900 டாலர் இருக்கிறது, வாடகை 850, செக் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. புதன்கிழமை மாலை பெட்ரோல் பங்கில் டெபிட் கார்டைச் செருகி 30 டாலருக்குப் போடுகிறீர்கள். எவ்வளவு போடப் போகிறீர்கள் என்று பங்குக்கு முன்கூட்டியே தெரியாது, அதனால் கார்டைச் செருகியதுமே அது ஒரு பெரிய தொகையை, 100 டாலருக்கு மேலும் கூட, தற்காலிகமாகப் பிடித்து வைக்கும். உண்மையான 30 டாலர் பில் வந்து சேரும் வரை அந்தப் பிடிப்பு இருக்கும், சில சமயம் சில மணி நேரம், சில சமயம் ஓரிரு நாள். 125 டாலர் பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கணக்கில் 900 என்றே காட்டினாலும், எடுக்கக்கூடியது 775 தான். அன்று இரவே வாடகைச் செக் வந்து நின்றால், எடுக்கக்கூடிய தொகையை வைத்து முடிவு செய்யும் வங்கியில் அது ஓவர்டிராஃப்ட். உங்கள் மனக்கணக்குப்படி பெட்ரோலுக்கும் வாடகைக்கும் பணம் இருந்தது, இருந்தும் கட்டணம் விழுகிறது. வங்கி செக்கைத் திருப்பி அனுப்பிவிட்டால் வீட்டுக்காரரும் தன் பங்குக்கு ஒரு கட்டணம் போடுவார். அதனால் பெட்ரோலுக்கும் ஹோட்டல் அறைக்கும் டெபிட் கார்டைத் தொடாமல் இருப்பது நல்லது, கிரெடிட் கார்டு இருந்தால் அதைக் கொடுங்கள்.

இந்தக் கட்டணம் எவ்வளவு என்பது வங்கிக்கு வங்கி ஏகத்துக்கும் மாறும். பல காலம் 35 டாலர் என்பதுதான் பெரிய வங்கிகளில் வழக்கமாக இருந்தது. ஆலை (Ally) என்ற வங்கி 2021-இலும், கேபிட்டல் ஒன், சிட்டி வங்கிகள் இரண்டும் 2022-இலும் ஓவர்டிராஃப்ட் கட்டணத்தையே எடுத்துவிட்டன. பேங்க் ஆஃப் அமெரிக்கா அதே 2022-இல் 35-லிருந்து 10 டாலராகக் குறைத்தது. பெரிய வங்கிகளுக்கு இதை 5 டாலர் அளவுக்குக் கட்டுப்படுத்தும் ஒரு விதியை நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2024 டிசம்பரில் கொண்டுவந்தது, 2025-இல் நாடாளுமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஆக, உச்சவரம்பு என்று எதுவும் இல்லை, நீங்கள் சேரும் வங்கியின் தாளில் இன்றைக்கு என்ன எழுதியிருக்கிறதோ அதுதான்.

கணக்கு தொடங்கும்போது 'டெபிட் கார்டுக்கு ஓவர்டிராஃப்ட் வசதி வேண்டுமா?' என்று ஒரு கேள்வி வரும். பாதுகாப்பு என்ற பெயரில் கேட்பார்கள், நன்றாகத்தான் காதில் விழும். வேண்டாம் என்று சொல்லுங்கள். 2010-இலிருந்து ஏடிஎம்முக்கும் ஒருமுறை டெபிட் கார்டு தேய்ப்புக்கும் உங்கள் சம்மதம் இல்லாமல் வங்கி இந்தக் கட்டணம் போட முடியாது. சம்மதம் தராவிட்டால் என்ன ஆகும்? பணம் இல்லாதபோது கடையில் கார்டு மறுக்கப்படும், அவ்வளவுதான். ஆனால் இந்த விதி செக்குக்கும், கணக்கு எண்ணைக் கொடுத்து நீங்கள் போட்டு வைத்த தானியங்கிப் பணம் செலுத்தலுக்கும் பொருந்தாது, மேலே சொன்ன வாடகைச் செக் மாட்டுவது அதனால்தான். சேவிங்ஸ் கணக்கை செக்கிங்கோடு இணைத்து, குறையும்போது அங்கிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்ல முடியுமா, அதற்குக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். பல இடங்களில் இது இலவசம்.

பணம் உண்மையில் எங்கே இருக்கிறது

வங்கி என்றால் எஃப்.டி.ஐ.சி. என்ற அரசு அமைப்பின் வைப்புக் காப்பீடு இருக்க வேண்டும், கிரெடிட் யூனியன் (உறுப்பினர்களுக்கே சொந்தமான கூட்டுறவு வங்கி மாதிரி) என்றால் என்.சி.யூ.ஏ. காப்பீடு. இரண்டிலும் ஒரு நபருக்கு, ஒரு நிறுவனத்தில், ஒரு வகை உரிமைக்கு (தனிக் கணக்கு ஒரு வகை, கூட்டுக் கணக்கு இன்னொரு வகை) 2,50,000 டாலர் வரை பாதுகாப்பு. நம்மில் பெரும்பாலோருக்கு இந்த வரம்பு தாராளம், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

கவலைப்பட வேண்டியது செயலிகளைப் பற்றி. போனில் ஐந்து நிமிடத்தில் கணக்கு தொடங்கித் தரும் பல நிறுவனங்கள் வங்கியே அல்ல, பின்னால் இருக்கும் ஏதோ ஒரு வங்கியில் உங்கள் பணத்தைப் போட்டு வைக்கும் இடைத்தரகர்கள். 2024 ஏப்ரலில் சினாப்ஸ் என்ற இடைத்தரகு நிறுவனம் திவால் மனு கொடுத்தது. அதன் வழியாக இயங்கிய செயலிகளில் பணம் வைத்திருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களால் மே மாதத்திலிருந்து தங்கள் பணத்தை எடுக்க முடியவில்லை, யாருடைய பணம் எந்த வங்கியில் எவ்வளவு இருக்கிறது என்ற பதிவுகளே ஒன்றோடொன்று பொருந்தவில்லை. எந்த வங்கியும் திவாலாகவில்லை என்பதால் எஃப்.டி.ஐ.சி. காப்பீடும் உதவிக்கு வரவில்லை. சம்பளம் விழும் கணக்கை இப்படிப்பட்ட செயலியில் வைப்பதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். செயலியின் அடியில் 'நாங்கள் வங்கி அல்ல, வங்கிச் சேவை இன்னாரால் வழங்கப்படுகிறது' என்று பொடி எழுத்தில் இருக்கும், தேடிப் படியுங்கள். எஃப்.டி.ஐ.சி.யின் இணையதளத்தில் பேங்க்ஃபைண்ட் என்ற தேடல் இருக்கிறது, நீங்கள் சேரப் போகும் பெயரை அதில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

கிளையா, ஆன்லைனா, கிரெடிட் யூனியனா

புதிதாக வந்தவருக்குக் கிளை உள்ள வங்கிதான் முதல் கணக்குக்கு வசதி. காரணம் சோஷியல் செக்யூரிட்டி எண், அதாவது வேலைக்கும் வரிக்கும் அமெரிக்க அரசு தரும் அடையாள எண். அது இல்லாமல் கணக்கு தொடங்கக்கூடாது என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை, வெளிநாட்டவரின் பாஸ்போர்ட் எண்ணை அடையாள எண்ணாக ஏற்கலாம் என்றே கூட்டாட்சி விதி சொல்கிறது. ஆனால் ஏற்பதும் ஏற்காததும் வங்கியின் கொள்கை, ஆன்லைன் படிவங்களில் பல அந்த எண் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கே போகாது. நேரில் போனால் பாஸ்போர்ட், விசா, ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவு), மாணவரென்றால் ஐ-20 (கல்வி நிறுவனம் தரும் படிவம்), முகவரிக்கு வாடகை ஒப்பந்தம் என்று கையில் இருப்பதை வைத்து முடித்துவிடலாம். எல்லாப் பத்திரங்களிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர் இடம் காலியாக இருக்கும் தமிழர்களுக்கு இந்த இடத்தில்தான் சிக்கல் வரும். விசாவில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அதே மாதிரிப் போடச் சொல்லுங்கள், பிறகு சம்பளப் பதிவிலும் அதே வடிவத்தைக் கொடுங்கள். சோஷியல் செக்யூரிட்டி எண் வந்தபின் வங்கிக்குப் போய் அதைச் சேர்த்துவிடுங்கள்.

அங்கேயே ஒரு வரிப் படிவமும் நீட்டுவார்கள். எஃப்-1 விசாவில் இருக்கும் மாணவர்கள் பொதுவாக முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளுக்கு வரிக் கணக்கில் குடியிருப்பாளர் அல்லாதவர்கள், அவர்களுக்கு உரியது டபிள்யூ-8பென். டபிள்யூ-9 என்பது அமெரிக்கக் குடிமக்களுக்கும் வரிக் குடியிருப்பாளர்களுக்கும் உரியது. கிளையில் இருப்பவர் பழக்க தோஷத்தில் டபிள்யூ-9-ஐ எடுத்து வைத்தால், மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

ஊரிலிருந்து அப்பா அம்மா பணம் அனுப்புவார்கள் என்றால் அந்த வங்கிக்குச் சொந்தமாக ஸ்விஃப்ட் குறியீடு (வெளிநாட்டுப் பணப் பரிமாற்றத்தில் வங்கியின் அடையாளம்) இருக்கிறதா, வெளிநாட்டு வயர், அதாவது வங்கியிலிருந்து வங்கிக்கு நேரடியாக அனுப்பும் பணம், உள்ளே வரும்போது எவ்வளவு பிடிப்பார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிறிய வங்கிகளும் பல கிரெடிட் யூனியன்களும் நடுவில் இன்னொரு வங்கி வழியாகத்தான் வாங்கும், அந்த நடு வங்கியும் ஒரு தொகையை எடுத்துக்கொள்ளும், செமஸ்டர் கட்டணம் கட்டும் வாரத்தில் இது தெரிய வந்தால் அலைச்சல்தான்.

இந்தத் தேவைகள் இல்லாதவர்களுக்கு, அல்லது ஓராண்டு கழித்து எல்லாம் ஒரு நிலைக்கு வந்தபின், ஆன்லைன் வங்கியும் கிரெடிட் யூனியனும் நல்ல தேர்வு. நிபந்தனைகள் குறைவு, கட்டணமும் குறைவு. ஆன்லைன் வங்கியில் ரொக்கம் போடுவதும் கேஷியர்ஸ் செக் (வங்கியே தன் பணத்திலிருந்து எழுதித் தரும் செக்) வாங்குவதும் சிரமம், கிரெடிட் யூனியனில் சேர உங்கள் ஊரோ வேலையோ பல்கலைக்கழகமோ பொருந்த வேண்டும். ஏடிஎம் பொறுத்தவரை, வேறு வங்கியின் இயந்திரத்தில் எடுத்தால் அந்த இயந்திரக்காரர் ஒரு கட்டணமும் உங்கள் வங்கி ஒரு கட்டணமும் போடலாம். நீங்கள் அன்றாடம் போகும் வழியில் கட்டணமில்லா ஏடிஎம் இருக்கிறதா என்று வங்கியின் வரைபடத்தில் தேடினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வருமானம் மிகக் குறைவு, கணக்கில் பணம் நிற்காது என்ற நிலையில் இருப்பவர்கள் பேங்க் ஆன் (குறைந்த கட்டணக் கணக்குகளுக்குத் தரப்படும் சான்று) பெற்ற கணக்கு எது என்று கேளுங்கள். ஓவர்டிராஃப்ட் கட்டணம் கிடையாது, தவிர்க்க வழியில்லாத மாதக் கட்டணம் இருந்தாலும் அது 5 டாலருக்குள். பெரிய வங்கிகள் பலவற்றிலும் இப்படி ஒன்று இருக்கிறது, ஆனால் முகப்பில் அதை யாரும் விளம்பரப்படுத்துவதில்லை.

தொடங்கிய முதல் மாதம்

முதல் 30 நாட்களுக்கு நீங்கள் 'புதுக் கணக்கு'. இந்தக் காலத்தில் நீங்கள் போடும் செக்கை வங்கி வழக்கத்தை விட நீண்ட நாள் நிறுத்தி வைக்கலாம், அதனால் முதல் மாத வாடகைக்கு அந்தச் செக்கை நம்பியிருக்க வேண்டாம். இதை ஒட்டியே ஒரு எச்சரிக்கை, மாணவர்கள் தயவுசெய்து கவனிக்கவும். பகுதிநேர வேலை தருவதாகச் சொல்லி யாராவது ஒரு செக் அனுப்பி, 'இதைக் கணக்கில் போட்டு, உங்கள் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தை இந்த ஆளுக்கு ஸெல்லில் அனுப்புங்கள்' என்றால் அது மோசடி. செக் போட்ட ஓரிரு நாளில் பணம் எடுக்கக்கூடியதாகக் காட்டும், அதனால் செக் நல்லது என்று ஆகிவிடாது. போலி என்று தெரிந்து அது திரும்பி வர வாரங்கள் கூட ஆகலாம், அப்போது முழுத் தொகையையும் வங்கி உங்களிடம்தான் கேட்கும். ஸெல்லில் நீங்களே விரும்பி அனுப்பிய பணம் பெரும்பாலும் திரும்பாது. கணக்கு கடனில் நின்று வங்கி அதை மூடிவிட்டால் செக்ஸ்சிஸ்டம்ஸ் என்ற பதிவில் பெயர் ஏறிவிடும், அங்கே அது ஐந்து ஆண்டு வரை இருக்கும், வேறு வங்கியில் கணக்கு கேட்டாலும் அதைப் பார்த்து மறுப்பார்கள்.

டெபிட் கார்டு தொலைந்தாலோ திருடு போனாலோ, தெரிந்த இரண்டு வேலை நாளுக்குள் சொன்னால் உங்கள் பொறுப்பு அதிகபட்சம் 50 டாலர். அதைத் தாண்டினால் 500 வரை போகலாம். ஸ்டேட்மெண்டில் வந்த திருட்டுச் செலவை அது அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் சொல்லாமல் விட்டால், அதற்குப் பிறகு போகும் பணத்துக்கு வரம்பே இல்லை. எனவே ஒவ்வொரு செலவுக்கும் போனில் அறிவிப்பு வரும்படி முதல் நாளே அமைத்துக்கொள்ளுங்கள், பேலன்ஸ் ஒரு தொகைக்குக் கீழே போனால் வரும் அறிவிப்பையும் சேர்த்து.

கணவன் மனைவி கூட்டுக் கணக்கு வைத்தால் காப்பீடு ஆளுக்கு 2,50,000 என்று கணக்காகும். இருவரில் யார் வேண்டுமானாலும் முழுப் பணத்தையும் எடுக்க முடியும் என்பதையும் தெரிந்தே செய்யுங்கள். தனிக் கணக்கு என்றால் 'பேயபிள் ஆன் டெத்' பயனாளி பெயரை எழுதிக் கொடுங்கள். ஊரில் நாமினி என்பவர் வாரிசுகளுக்காகப் பணத்தை வாங்கி வைப்பவர்தான், இங்கே இந்தப் பயனாளிக்குப் பணம் சொந்தமாகவே போய்ச் சேரும். அதனால் யார் பெயர் என்பதை யோசித்துப் போடுங்கள்.

கணக்கு தொடங்கினால் 200 டாலர், 300 டாலர் போனஸ் என்று வரும் அழைப்புகளை வாங்கிக்கொள்வதில் தப்பில்லை. அது வட்டி மாதிரி வருமானமாக வரிக்குக் காட்டப்படும், சில மாதங்களுக்குள் மூடினால் திரும்பப் பிடித்துக்கொள்வார்கள். அதற்காக மட்டும் சம்பளக் கணக்கை மாற்ற வேண்டாம்.

வேறு காரணத்துக்காக மாற்றுவதென்றால் பழைய கணக்கை இரண்டு மாதம் திறந்தே வைத்திருங்கள். முதலில் சம்பளத்தை மாற்றுங்கள், அது ஒரு முறை புதுக் கணக்கில் விழுந்தபின் தானியங்கிப் பில்களை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். வருடத்துக்கு ஒரு முறை போகும் சந்தாக்கள்தான் மறந்துபோகும், அதனால் பழைய ஸ்டேட்மெண்டை ஒரு வருடத்துக்குப் பின்னோக்கிப் புரட்டுங்கள்.

ஊருக்கே திரும்பிப் போகிறவர்கள் அவசரப்பட்டுக் கணக்கை மூட வேண்டாம், கடைசிச் சம்பளமும் அடுத்த ஆண்டு வரும் வரி ரீஃபண்டும் அமெரிக்க வங்கிக் கணக்கில்தான் நேரடியாக விழும். கிளம்பும் முன் மாதக் கட்டணம் இல்லாத வகைக்கு அதை மாற்றிவிடுங்கள், இனி டைரக்ட் டெபாசிட் வராது அல்லவா. கணக்கில் உங்கள் கை படாமல் சில ஆண்டுகள் கிடந்தால், பல மாநிலங்களில் மூன்று முதல் ஐந்து ஆண்டு, பணம் உரிமை கோரப்படாத சொத்தாக மாநில அரசிடம் போய்விடும். அதைத் திரும்பக் கேட்டு வாங்கலாம், ஆனால் இந்தியாவிலிருந்து அந்தக் காகித வேலையைச் செய்வது நீண்ட இழுபறி. எல்லாவற்றுக்கும் மேல் போன் எண். வங்கிக் கணக்குக்குள் நுழையக் குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி உங்கள் அமெரிக்க போன் எண்ணுக்குத்தான் வரும், அந்த இணைப்பைத் துண்டித்துவிட்டு விமானம் ஏறினால் உங்கள் கணக்கை நீங்களே திறக்க முடியாது. எண்ணை மலிவான ஒரு திட்டத்துக்கு மாற்றி வைத்துக்கொண்டு, இந்தியாவில் அந்த எண்ணுக்குக் குறுஞ்செய்தி வருகிறதா என்று அந்த நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்தபின் கிளம்புங்கள்.